விருது யாருக்கு, எதற்காக? முன்னாள் மாணவர் சிறப்பு குறித்து வாசகர் கேள்விகள்

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம்மிடம் படித்துத் தொழில்துறையில் சிறந்து விளங்குவோரை அழைத்து விருதளிக்கும் வழக்கம் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மேடையில் போர்த்தும் சால்வையைக் காட்டிலும், விருது பெறுபவர் என்ன பணி செய்தார் என்பதைத் தெளிவாக எழுதி வைப்பதே அந்த நிறுவனத்தின் முதல் கடமை என்று அதில் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் படித்த கல்லூரியில் ஆண்டுதோறும் ‘சிறந்த முன்னாள் மாணவர்’ விருது வழங்குகிறார்கள். பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்கே அது போகிறது. பதவியை மட்டும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்களா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: நடைமுறை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒன்றுதான். பழைய மாணவர் சங்கமோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அலுவலகமோ பரிந்துரைகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். உடன் படித்தவர்களும் ஆசிரியர்களும் துறைத் தலைவர்களும் பெயர்களை எழுதி அனுப்புவார்கள். தொழில், ஆய்வு, தொழில்முனைவு, பொதுச்சேவை, இளம் சாதனையாளர் என்று வகை பிரித்து, பேராசிரியர்களும் முன்பு விருது பெற்றவர்களும் அடங்கிய ஒரு குழு அந்தப் பெயர்களை வடிகட்டும். இறுதியில் துணைவேந்தரோ இயக்குநரோ ஒப்புதல் தருவார். பட்டமளிப்பு விழாவிலோ நிறுவனர் நாளிலோ, சென்னை ஐ.ஐ.டி.யில் நடப்பதுபோல நிறுவன நாளிலோ விருது வழங்கப்படும். அப்போது ஒருவர் எழுந்து, விருது எதற்காக என்று கூறும் தகுதியுரையை வாசிப்பார்.

தாங்கள் கண்ட குறை, குழுவின் மேசையில் தொடங்குகிறது. கையில் இருப்பதோ சில மணி நேரம், முன்னால் இருப்பதோ கட்டுக் கட்டாக விண்ணப்பங்கள். பதவி ஒரு பார்வையில் கண்ணில் பட்டுவிடும். பணியைப் புரிந்துகொள்ள உட்கார்ந்து படித்தாக வேண்டும். ஆகவே ‘தலைமைச் செயல் அதிகாரி’ என்ற சொல் மற்றவர்களின் முப்பது ஆண்டு உழைப்பை எளிதாக முந்திவிடுகிறது.

இப்படி அளந்தால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவர் வி. சாந்தாவை எண்ணிப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் எம்.பி.பி.எஸ். முடித்து 1955இல் எம்.டி. பட்டம் பெற்றவர் அவர். அரசுத் தேர்வாணையத் தேர்வில் வென்று, மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்குப் பணியிடமும் கிடைத்திருந்தது. அதை ஏற்காமல், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் முந்தைய ஆண்டுதான் அடையாற்றில் தொடங்கியிருந்த புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். அப்போது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அந்த ஆண்டு ஒரு விருதுக் குழு கூடியிருந்தால், நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்த அவருடைய வகுப்புத் தோழர் ஒருவரையே அது சாதனையாளர் என்று சொல்லியிருக்கும். சாந்தாவுக்கு மகசேசே விருது 2005இல் வந்தது. அதாவது, அந்த வளாகத்தில் அவர் ஐம்பது ஆண்டுகள் உழைத்த பிறகு. முத்துலட்சுமி ரெட்டியும் 1912இல் அதே மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முன்னாள் மாணவி உண்டாக்கிய நிறுவனத்தை இன்னொரு முன்னாள் மாணவி வளர்த்தெடுத்த இந்தத் தொடர்ச்சி எந்தப் பதவிப் பட்டியலிலும் தென்படாது.

செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, வீரன் யார், ஆநிரை கவர்ந்தபோதா மீட்டபோதா எந்தப் பூசலில் பட்டான் என்பதெல்லாம் சில வரிகளில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். நம் தகுதியுரைகளில் பல, அந்தக் கல் சொல்லும் அளவுக்குக்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த முதல் பெண் பொறியாளர் ஒரு கைம்பெண் என்று என் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? அவருக்கு உரிய சிறப்பைக் கல்லூரி செய்ததா? – ஒரு வாசகி, கோவை

பதில்: உண்மைதான். தங்கள் மாமியார் நினைவில் வைத்திருப்பவர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919 ஆகஸ்ட் 27 அன்று பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு இருந்தபோது, கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய வாழ்க்கை அத்தோடு ஒரு மூலையில் அடங்கியிருக்க வேண்டும். அவரோ மேலே படிக்கத் தீர்மானித்து, ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறினார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைத் தம் கல்லூரியிலேயே சேர்க்க விரும்பி, கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநரின் அனுமதியும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்கள் நடுவில் ஒற்றைப் பெண்ணாக லலிதா மின்பொறியியல் வகுப்பில் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டே பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இரு பெண்கள் சிவில் பொறியியலில் சேர்ந்தார்கள். ஒரு கதவு திறந்ததும் மற்றவர்கள் வந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். போர்க்காலத்தில் படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் 1943இல் ஒன்றாகவே தேறினார்கள். ஆண்களுக்கென்றே அச்சிட்டு வைத்திருந்த சான்றிதழ்ப் படிவத்தில், ஆணைக் குறித்த இடங்களை மையால் அடித்துத் திருத்தி இவர்களுக்குக் கொடுத்தார்கள். நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் பெண்ணுக்கென்று ஒரு படிவம்கூட இருக்கவில்லை என்பதை அந்த அடித்தல் எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

பட்டம் பெற்ற பின் அவர் செய்த பணிதான் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது. ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செய்முறைப் பயிற்சி. சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. பிறகு தந்தையின் ஆய்வுகளுக்குத் துணை. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்துத் தடங்களையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பணிகளும் அவர் கைபட்டவற்றில் அடங்கும். லண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் அனைத்துலக மாநாடு 1964இல் நியூயார்க்கில் நடந்தபோது, இந்தியாவில் அதற்கெனக் கிளை எதுவும் இல்லாத நிலையில், தனிப்பட்ட முறையில் அதில் கலந்துகொண்டார். மகளை வளர்த்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருந்து, 1979இல் மறைந்தார். உடன் படித்த திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

சிறப்புச் செய்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். லலிதாவின் பெயர் பரவலாகத் தெரியவந்தது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதிலும் அவருடைய மகளின் நினைவுகளுக்கும் குடும்பத்தில் பாதுகாத்து வைத்திருந்த தாள்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு குடும்பத்தின் அலமாரியை நம்பித்தான் இத்தகைய வரலாறு பிழைத்திருக்க வேண்டுமா என்பதே என் ஆதங்கம். உயிரோடிருந்தபோதே, அவர் வடிவமைத்த துணைமின் நிலையங்கள் எவை, அவற்றில் எதிர்கொண்ட சிக்கல்கள் என்ன என்று கேட்டு எழுதி வைத்திருந்தால் இன்றைய மின்பொறியியல் மாணவிக்கு அது பாடமாகவே பயன்பட்டிருக்கும். மறைந்தவருக்கு விருது அளிப்பதில்லை என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்த விதியை இவரைப் போன்றவர்களுக்காகத் தளர்த்தலாம், தளர்த்த வேண்டும்.

கேள்வி: என் மகன் சிவில் பொறியியல் படித்துவிட்டு அதற்குத் தொடர்பே இல்லாத துறையில் பெயர் வாங்கிவிட்டான். அவனைப் பரிந்துரைத்தால், ‘இங்கே கற்றதில் அவர் சாதிக்கவில்லையே’ என்று துறையில் சொல்கிறார்கள். – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: துறையில் அப்படிச் சொன்னவர்களிடம் ராஜ் ரெட்டியைப் பற்றிக் கேளுங்கள். கிண்டியில் 1958இல் பட்டம் பெற்றவர். படித்தது சிவில் பொறியியல். பிறகு ஆஸ்திரேலியா சென்று, அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் 1966இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மனிதர் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளும் துறையில் முன்னோடியாக விளங்கியவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு முதல் இயக்குநர். கணினித் துறையின் ஆகப் பெரிய விருதான டியூரிங் விருதை 1994இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார். பாலமும் சாலையும் கட்டவில்லை என்று சொல்லி இவரைக் கிண்டி ஒதுக்கிவிட முடியுமா?

வர்கீஸ் குரியன் இன்னும் அழுத்தமான சான்று. சென்னை லயோலாவில் 1940இல் இயற்பியல் பட்டம். 1943இல் கிண்டியில் இயந்திரப் பொறியியல் பட்டம். பால்பண்ணைப் பொறியியலுக்கென்று அரசு தந்த உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மீண்டும் இயந்திரப் பொறியியலே படித்துவிட்டு வந்தார். அரசோடு செய்த ஒப்பந்தத்துக்காக 1949இல் குஜராத்தின் ஆனந்தில் பணியில் சேர்ந்தார்; விரும்பிச் சென்ற இடம் அன்று. அங்கே திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் பால் உற்பத்தியாளர்கள் நடத்திய கூட்டுறவைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறிவந்த நாளில், 1955இல் அதற்கான ஆலையே அங்கு இயங்கத் தொடங்கியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும் உலக உணவுப் பரிசும் பலர் அறிந்தவை.

ஆனால் இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எருமைப்பாலைப் பொடியாக்கும் நுட்பத்தைச் செய்து காட்டியவர் எச். எம். தலாயா என்ற பால்வளத் தொழில்நுட்ப வல்லுநர். குரியனின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? தொழில்துறைச் சாதனை என்பது பெரும்பாலும் பலர் கைகோத்துச் செய்வது. ஆகவே தகுதியுரையில் உடன் உழைத்தவர்களின் பெயர்களையும் எழுதுவது விருதாளரின் பெருமையைச் சிறிதும் குறைக்காது.

தங்கள் மகன் விஷயத்தில், அவர் இங்கே கற்ற எது அங்கே கைகொடுத்தது என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் இயந்திரப் பொறியியல் முடித்த சுப்ரா சுரேஷ், உலோகங்கள் எப்படி விரிசலுறுகின்றன என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். பின்னாளில், மலேரியா தாக்கிய இரத்தச் சிவப்பணு எப்படி விறைத்துப் போகிறது என்பதை ஆராய அதே இயந்திரவியல் அறிவைப் பயன்படுத்தினார். ஐ.ஐ.டி. அவரைத் தன் சிறந்த முன்னாள் மாணவராகச் சிறப்பித்தது. துறை மாறுவது வேறு, கற்றதைக் கைவிடுவது வேறு.

கேள்வி: பட்டம் முடிக்காமல் வெளியேறியவரை முன்னாள் மாணவராகக் கருதலாமா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது மிகவும் பொருத்தம். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தவர். சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. கேம்பிரிட்ஜ் 1916இல் ஆய்வு வழியாக அவருக்குப் பட்டம் தந்தது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இவற்றுள் எந்த நிறுவனத்தின் முன்னாள் மாணவர் அவர் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் என்பேன். பல பழைய மாணவர் சங்கங்கள், குறிப்பிட்ட காலம் படித்திருந்தால் போதும் என்று தங்கள் விதிகளில் எழுதியிருக்கின்றன; அதுவே சரி. எனினும் ஒரு கல்லூரி அவரைத் தன் மாணவர் என்று பெருமையோடு சொல்லும்போது, தன் தேர்வு முறை அவரை வெளியே அனுப்பியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பாதியை மறைத்தால், இன்று ஒரே பாடத்தில் மட்டும் மிகுந்த ஆற்றலோடு வந்து மற்றப் பாடங்களில் தடுமாறி நிற்கும் மாணவனை எப்படி நடத்துவது என்று அந்தக் கல்லூரி எதையும் கற்றுக்கொண்டதாக ஆகாது. சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி அந்த 75 ரூபாயைத் தந்ததைத்தான் அவருக்கு நம் நாட்டில் கிடைத்த உண்மையான கல்விச் சிறப்பு என்று நான் கருதுகிறேன். தேவைப்பட்ட நேரத்தில் வந்த சிறப்பு அது.

கேள்வி: கௌரவ டாக்டர் பட்டமும் முன்னாள் மாணவர் விருதும் ஒன்றா? – ஒரு வாசகி, சென்னை

பதில்: இல்லை. கௌரவ டாக்டர் என்பது பட்டம். பல்கலைக்கழகச் சட்டவிதிகளின்படி அதன் ஆட்சிமன்றம் தீர்மானித்து, பட்டமளிப்பு விழாவில் வழங்குவது. பெறுபவர் அங்கே படித்திருக்க வேண்டியதில்லை. முன்னாள் மாணவர் விருது பட்டம் ஆகாது. அங்கே படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. கௌரவப் பட்டம் பெற்றவர்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்வதில்லை என்பது கல்வியுலகின் மரபு. நம் ஊர்ச் சுவரொட்டிகள் அந்த மரபைப் பின்பற்றுவதில்லை.

கேள்வி: கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்கே எங்கள் ஊரில் ஒரு கல்லூரி இந்த விருதைத் தந்தது. நன்கொடைக்கு விருது கொடுப்பது முறையா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: நன்கொடையாளரைப் போற்றுவது முறைதான். அதற்குத் தொழில்துறைச் சாதனை விருதைப் பயன்படுத்துவதுதான் முறையன்று.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் மதிப்பீட்டு முறையிலேயே இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘நாக்’ அமைப்பின் அளவுகோல்களில் முன்னாள் மாணவர் ஈடுபாடும் ஒன்று. அதன் கையேட்டில், கடந்த ஐந்து ஆண்டுகளில் முன்னாள் மாணவர்கள் எத்தனை இலட்சம் ரூபாய் தந்தார்கள் என்று எண்ணாகவே கேட்டிருந்தார்கள். எண்ணாகக் கேட்கப்படுவதில்தான் நிர்வாகங்களின் கவனம் போகும். அரசு உதவி சுருங்கிவரும் காலத்தில், ஒரு கல்லூரி முதல்வர் தம் முன்னாள் மாணவர்களிடம் கையேந்துவதை நான் குறைசொல்ல மாட்டேன். கசியும் ஆய்வகக் கூரையின் ஓடுகளை மாற்றிக் காப்பதும் அவருடைய பொறுப்புதான்.

ஆயினும் அழகப்பச் செட்டியாரைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர், ஆகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். அவருடைய கொடையால் 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஏ.சி. டெக் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொடையை நாம் சொல்கிறோம். கணிதத்துக்கென 1950இல் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கோ அவர் தம் பெயரை வைக்கவில்லை. ராமானுஜனின் பெயரை வைத்தார். கொடையாளரைச் சிறப்பிக்கவும், கொடையாளரே பிறரைச் சிறப்பிக்கவும் இப்படி நேரான வழிகள் இருக்கின்றன. கட்டடத்தில் பெயரைப் பொறியுங்கள், உதவித்தொகைக்குப் பெயரை வையுங்கள், விழாவில் முதல் வரிசையில் உட்கார வைத்து நன்றி சொல்லுங்கள். சாதனை விருதை மட்டும் அதற்கென உழைத்தவருக்கு விட்டுவிடுங்கள். விருதுக் குழுவில் நிதி திரட்டும் பொறுப்பில் உள்ளவர் இடம்பெறக் கூடாது என்று ஒரே ஒரு விதி எழுதினால்கூடப் பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே இவ்விருதுகள் போகின்றன. உள்ளூரில் உழைத்தவர்கள் கண்ணில் படுவதில்லையே? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வெளிநாட்டில் சாதிப்பதும் சாதனைதான், அதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. 1930இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சந்திரசேகர் இங்கேயே இருந்திருந்தால் அந்த வானியல் ஆய்வுகள் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அதே கல்லூரியில் 1907இல் எம்.ஏ. முடித்த சி. வி. ராமன், கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாக இருந்துகொண்டே ஆய்வு செய்தவர் என்பதும் உண்மை. இரண்டு வழிகளும் நோபல் வரை சென்றிருக்கின்றன.

தாங்கள் சொல்லும் குறை வேறொரு வகை. உள்ளூர் உழைப்பு தினமும் கண்ணெதிரே நடப்பதாலேயே அதைச் சாதனையாகப் பார்க்கத் தவறுகிறோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக விரும்பியவர் அதைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தியைப் பிடித்துக் கண்புரை அறுவை செய்யப் பழகினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தக்கூடியவர் தருவதைக் கொண்டு இயலாதவருக்கு இலவசமாகச் செய்வது அதன் கணக்கு. வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாதிருந்த உள்விழி லென்சை 1992 முதல் மதுரையிலேயே, அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மூலம் செய்யத் தொடங்கினார்கள். இதைவிட உயர்ந்த தொழில்துறைச் சாதனையை எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்து காட்டுவது?

கேள்வி: லலிதாவும் குரியனும் தங்கள் மாணவர்கள் என்று அண்ணா பல்கலைக்கழகத்தார் சொல்கிறார்கள். அவர்கள் படித்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழகமே இல்லையே? – ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: இருவர் சொல்வதும் சரி. கிண்டிக் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அங்கே படித்தவர்களுக்கு நெடுங்காலம் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். 1978இல் கிண்டி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. பட்டம் தந்தது ஒன்று, பாடம் சொன்னது மற்றொன்று. எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாமும் அண்ணா பல்கலைக்கழகம் உருவாவதற்கு முன்பே படித்தவர்தான்.

கேள்வி: என்னுடன் படித்தவர் ஒருவர் குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து இப்போது ஓய்வு பெறப்போகிறார். பதவி பெரிதில்லை, அவர் செய்த வேலை பெரிது. அவரைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். எப்படி எழுதுவது? – ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்படிப்பட்ட கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றுகிறது. அவசியம் எழுதுங்கள்.

பரிந்துரைகளில் வழக்கமாகக் காண்பது, ‘முப்பது ஆண்டுகள் அப்பழுக்கற்ற சேவையாற்றிய, கடமை உணர்வும் நேர்மையும் ஒருங்கே அமையப்பெற்ற’ என்ற வகை வரி. அதைப் படிக்கும் குழுவுக்கு உங்கள் நண்பரைப் பற்றி எதுவும் தெரியவராது. எவருக்கும் பொருந்தும் வரி அது. மாறாக, அவர் பொறுப்பேற்றபோது அந்த ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது, கசிவு எந்தப் பிரதான குழாயில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார், ஒப்பந்தப்புள்ளி கோர நிதியில்லாதபோது என்ன செய்தார், மாற்றியபின் எத்தனை தெருக்களுக்குக் கடைசிக் குழாய்வரை அழுத்தம் கிடைத்தது என்று எழுதுங்கள். எண்களை அவருடைய துறைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள்; நினைவிலிருந்து எழுத வேண்டாம். அவரோடு நின்ற பொருத்துநர், மேற்பார்வையாளர் பெயர்களையும் சேருங்கள். அந்த ஊரில் தண்ணீர் பிடிக்கும் ஒருவரிடமும், அவருக்குக் கீழே வேலை செய்த ஓர் இளம் பொறியாளரிடமும் ஆளுக்கு ஒரு கடிதம் வாங்கி இணைத்தால், அமைச்சர் ஒருவரின் சான்றைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

பரிந்துரைக்கக் கடைசித் தேதி, பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பரிந்துரைப்பவரும் முன்னாள் மாணவராக இருக்க வேண்டுமா என்பதை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒருமுறை தேர்வாகாத பெயரை மறு ஆண்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தேர்வானாலும் ஆகாவிட்டாலும், தாங்கள் எழுதிய இரண்டு பக்கங்களின் நகல் ஒன்றைச் சிவில் துறை நூலகத்தில் வைத்துக்கொள்ளும்படி துறைத் தலைவரிடம் நேரில் கொடுங்கள்.